சாயும் இருக்கையின் கணக்கு

தீபாவளிக்கு முந்தைய வாரம், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இரவு விமானத்தில் கடைசிக்கு முந்தைய வரிசையில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. விமானம் மேலெழுந்து, இருக்கை வார் விளக்கு அணைந்ததும், முடிக்க வேண்டிய வேலை ஒன்றிருந்ததால் மடிக்கணினியைத் திறந்து மடக்கு மேசையில் வைத்தேன். இரண்டு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். முன்னிருக்கையின் சாய்மானம் ஒரே வீச்சில் என்னை நோக்கி வந்தது. மடக்கு மேசை பதிந்திருக்கும் குழிவின் மேல் விளிம்பு, மடிக்கணினித் திரையின் உச்சியைப் பிடித்து அழுத்த, பிளாஸ்டிக் நெரியும் ஓசை கேட்டது. திரை தப்பியது என் நல்ல காலம். முன்னால் அமர்ந்திருந்தவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. பின்னால் என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

கோபம் தணிந்த பிறகு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. சாய்மானம் ஏன் அவ்வளவு வேகமாக வந்தது? இருக்கையைச் சாய்ப்பது கைப்பிடியிலுள்ள பொத்தான்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் சாய்ப்பது நம் உடல் எடை. பொத்தான் ஒரு பூட்டைத் திறந்துவிடுவதோடு சரி. பொத்தானை அமுக்கும்போது, கைப்பிடிக்குள் ஓடும் மெல்லிய கம்பிவடம் ஒன்று இழுபட்டு, இருக்கைக்கு அடியில் கிடைவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும் விரற்கடைப் பருமனுள்ள உருளை ஒன்றை இயக்குகிறது. ஹைட்ரோலாக் என்று தொழிலில் சொல்லப்படும் வகையில், அந்த உருளைக்குள் எண்ணெயும் ஒரு பிஸ்டனும் இருக்கும். வால்வு மூடியிருக்கும்வரை பிஸ்டனின் ஒரு பக்கத்து எண்ணெய் மறுபக்கம் போக முடியாது. திரவத்தை அமுக்கிச் சுருக்குவது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதால், எண்பது கிலோ எடையுள்ளவர் சாய்ந்தாலும் சாய்மானம் அசையாது. வால்வு திறந்ததும் எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகப் பாய்கிறது, பிஸ்டன் நகர்கிறது, அதனுடன் இணைந்த சாய்மானமும் பின்னால் போகிறது. மெக்லாக் எனப்படும் இன்னொரு வகையில் எண்ணெய்க்கு வேலையில்லை. வழவழப்பான எஃகுத் தண்டு ஒன்றை அதன் குறுக்களவைவிடச் சற்றே சிறிய சுருள்வில் இறுகக் கவ்விக்கொண்டிருக்கும். பொத்தானை அமுக்கினால் சுருள் சிறிது தளர்ந்து தண்டை நழுவ விடும்.

இரண்டு வகையிலும் சாய்மானத்தை மீண்டும் நிமிர்த்துவது ஒரு சுருள்வில்தான். ஆகவே, முதுகின் முழு எடையையும் சாய்மானத்தில் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்குபவர் வில்லை வென்று சட்டென்று விழுகிறார். முதுகைச் சற்று விலக்கிக்கொண்டு அமுக்கி, மெதுவாக எடையைக் கொடுப்பவர் நிதானமாக இறங்குகிறார். எனக்கு முன்னால் இருந்தவர் முதல் வழியைக் கையாண்டிருக்கிறார். அதைப் பண்பின்மை என்று எண்ணியது என் தவறு. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை, எனக்கும் சொன்னதில்லை.

அடுத்த கேள்வி, சாய்வதால் பின்னால் இருப்பவர் எதை எவ்வளவு இழக்கிறார் என்பது. சாய்மானம் அதன் அடிப்பகுதியில், நம் இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. அந்த அச்சிலிருந்து தலைப்பகுதி வரை ஏறத்தாழ 70 செ.மீ. என்றும், நிமிர்ந்த நிலையில் அது செங்குத்திலிருந்து 15 பாகை சாய்ந்திருக்கிறது என்றும், பொத்தானை அமுக்கினால் மேலும் 8 பாகை சாய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். உச்சி ஏறத்தாழ 9 செ.மீ. பின்னால் வருகிறது, விமான நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் நான்கு அங்குலத்திற்கு இது நெருக்கமான கணக்கு. ஆனால் அச்சிலிருந்து 10 செ.மீ. உயரத்தில், அதாவது நடுத்தர உயரமுள்ளவரின் முழங்கால் இருக்கும் மட்டத்தில், அதே சாய்வு பறிப்பது 1.3 செ.மீ. மட்டுமே. கதவைத் திறக்கும்போது கீலுக்கு அருகில் விரல் வைத்தால் கதவு நகர்வதே தெரியாது, கைப்பிடிப் பக்கத்தில் வைத்தால் கையே நகர்ந்துவிடும் அல்லவா, அதே கணக்குதான். முழங்காலுக்கு ஆபத்து என்று எழும் கூக்குரலில் பாதி, உண்மையில் முகத்திற்கு முன்னிருந்த வெளி சுருங்கியதால் எழுவது. நெடிய கால்களையுடையவர் மட்டும் விதிவிலக்கு. முழங்கால் ஏற்கெனவே முன்னிருக்கையைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு 1.3 செ.மீ. என்பது சிறிய எண் அல்ல.

மடிக்கணினியின் நிலை இதைவிட மோசம். பெரும்பாலான விமானங்களில் மடக்கு மேசையின் கைகள் சாய்மானத்தோடு சேர்ந்து சாய்வதில்லை. கோப்பை சரிந்துவிடக் கூடாது என்பதற்காக மேசை தன் இடத்தில் சமமாக நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். மேசை நிற்கிறது, அதற்கு மேலுள்ள சாய்மானம் வருகிறது. அச்சிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் நிற்கும் திரையின் உச்சியில் அந்த வருகை 6 செ.மீ. தேநீர்க் கோப்பைக்குப் பாதுகாப்பான அமைப்பு, மடிக்கணினிக்குப் பாக்குவெட்டியாகிவிடுகிறது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. முன்னிருப்பவர் 8 பாகை சாய்ந்தால், நானும் 8 பாகை சாய்ந்தால், இரண்டு சாய்மானங்களும் மீண்டும் இணைகோடுகளாகிவிடும். என் முகத்திற்கும் முன்னிருக்கைக்கும் இடையிலான தூரம் பழையபடியே இருக்கும். இழப்பு மறைந்துவிடவில்லை, எனக்குப் பின்னால் இருப்பவரிடம் போய்விட்டது. அவர் சாய்ந்தால் அவருக்கும் பின்னால் போகும். இப்படி வரிசை வரிசையாகக் கைமாறி, சுவரை ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் சாயவே முடியாத கடைசி வரிசையில் போய்த் தேங்குகிறது. விமானத்தின் நடுவிலும் இப்படியொரு தேக்கம் உண்டு. அவசர வழிக்கு முன்னாலுள்ள வரிசை சாய்ந்தால் வெளியேறும் பாதை குறுகிவிடும் என்பதால் அந்த இருக்கைகளைப் பூட்டிவைத்திருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சாய்ந்தால் ஏறக்குறைய யாருக்கும் நட்டமில்லை, ஒருவர் மட்டும் தனித்துச் சாய்ந்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர் முழுவதையும் தாங்குகிறார். உணவு முடிந்து, கலன்களை எடுத்துச் சென்று, பணியாளர்கள் விளக்குகளை மங்கச் செய்யும் நேரத்தில் சாய்வது முறை என்று பழக்கத்தில் வந்திருப்பதற்குப் பின்னால் இந்த வடிவியல் இருக்கிறது. பட்டப்பகலில் ஒருவர் மட்டும் சாய்வது எரிச்சலூட்டுவதும் அதனால்தான்.

விமானம் தன் பங்குக்கு எல்லாரையும் சேர்த்துச் சிறிது சாய்த்தே வைத்திருக்கிறது. உயரத்தில் நேராகப் பறக்கும்போதும் பெரிய விமானங்களின் மூக்கு இரண்டு மூன்று பாகை மேல்நோக்கியே இருக்கும். உணவு வண்டியைத் தடுப்பு போடாமல் விட்டால் அது வால் பக்கம் உருளத் தொடங்குவதைக் கவனித்தவர்களுக்கு இது புரியும்.

சாய்வதால் உடலுக்கு என்ன நன்மை? நிமிர்ந்து உட்காரும்போது முதுகெலும்பின் வட்டுகள் உடலின் மேற்பகுதியைத் தாங்குகின்றன. பின்னால் சாயச் சாய அந்த எடையின் ஒரு பங்கைச் சாய்மானம் ஏற்றுக்கொள்கிறது. 2006இல் ஸ்காட்லாந்தில் 22 தன்னார்வலர்களை வெவ்வேறு நிலைகளில் உட்காரவைத்துக் காந்த அதிர்வுப் படம் எடுத்த ஆய்வில், தொடைக்கும் உடலுக்கும் இடையே 135 பாகை இருக்கும் நிலையில் வட்டுகள் மிகக் குறைவாக அழுத்தப்படுவது தெரிந்தது. தூக்கத்தைப் பற்றி நிக்கல்சன், ஸ்டோன் ஆகிய இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, சாய்மானம் செங்குத்திலிருந்து 40 பாகையை நெருங்கினால்தான் படுக்கைக்கு ஒப்பான தூக்கம் வாய்க்கிறது என்றது. சிக்கன வகுப்பு இருக்கை முழுவதும் சாய்ந்தாலும் அதில் பாதியைச் சற்றே தாண்டும். என்றாலும் அந்த 8 பாகை வீண் அன்று. தூக்கத்தில் கழுத்துத் தசைகள் தளரும்போது, நான்கரை ஐந்து கிலோ எடையுள்ள தலை முன்னால் விழுவதா பின்னால் சாய்வதா என்பதை அந்தச் சிறு கோணம் தீர்மானிக்கிறது. முதியவர்களுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். சாயவே கூடாது என்று அடித்துப் பேசுபவர்களோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம்.

புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் நிமிர்த்தச் சொல்வதில் பேரத்திற்கு இடமில்லை. வெளியேறும் வழிகளில் பாதியை மட்டுமே பயன்படுத்தி, 90 விநாடிக்குள் அத்தனை பேரும் இறங்கிவிட முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்குச் சான்றிதழ் கிடைக்கும். சாய்ந்த இருக்கை, சன்னலோரம் இருப்பவர் எழுந்து வரும் இடுக்கை மேலும் குறுக்கிவிடும்.

சண்டை ஏன் இவ்வளவு முற்றுகிறது என்பதற்கு விடை பொறியியலில் இல்லை. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையிலான தூரம், நீண்டதூரச் சேவைகளில் 31, 32 அங்குலமாக இருப்பது மலிவுக் கட்டண விமானங்களில் 28 வரை இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் உள்ள வெளி என் பயணச்சீட்டில் அடங்கியது என்று நான் நினைக்கிறேன். பொத்தான் கொடுத்திருப்பதால் அதே வெளி தம் சீட்டில் அடங்கியது என்று முன்னிருப்பவர் நினைக்கிறார். ஒரே வெளியை இருவருக்கு விற்றவர் அந்த இடத்தில் இல்லை. 2014 ஆகஸ்ட்டில், முன்னிருக்கை சாயாதபடி மேசையின் கைகளில் மாட்டும் சிறு பிளாஸ்டிக் கருவியை ஒரு பயணி பயன்படுத்தியதால் எழுந்த தகராற்றில், நெவார்க்கிலிருந்து டென்வருக்குச் சென்ற யுனைட்டட் விமானம் சிக்காகோவில் இறங்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு பக்கஃபஸ்கோ, ஸ்பிரிக்மன் என்னும் இரு சட்டப் பேராசிரியர்கள் இணையத்தில் ஒரு கருத்தாய்வு நடத்தினார்கள். சாயும் உரிமை முன்னிருப்பவருக்கே என்று வைத்துக்கொண்டால், சாயாமலிருக்க அவர் சராசரியாக 41 அமெரிக்க வெள்ளி கேட்டார். பின்னிருப்பவர் கொடுக்க முன்வந்ததோ 18 வெள்ளி. விதியைத் திருப்பி, உரிமை பின்னிருப்பவருடையது என்றதும் கணக்கும் தலைகீழானது. சாய்வதற்கு 12 வெள்ளிதான் தர முடியும் என்றார் முன்னிருப்பவர், 39 வெள்ளி கேட்டார் பின்னிருப்பவர். இடம் அதே இடம், முதுகும் அதே முதுகு. தம்முடையது என்று ஒன்றைக் கருதத் தொடங்கியதுமே அதன் விலை நம் மனத்தில் இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது. உடைமை விளைவு என்று பொருளியலாளர்கள் இதைச் சொல்கிறார்கள்.

நம் ஊர் உணவங்காடி நிலையத்தில் இதே சிக்கலுக்கு ஒரு மெல்லுதாள் பொட்டலம் விடை சொல்லிவிடுகிறது. மேசையில் அதை வைத்து ‘சோப்’ செய்துவிட்டு, அதாவது இடம் பிடித்துவிட்டுப் போனால், வெயிலில் வரிசையில் நின்று வியர்த்தவர்கூட அதைத் தொடுவதில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் மேசை யாருடையது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து இருக்கிறது. விமானத்தில் பொட்டலத்திற்கு நிகரான அடையாளம் இல்லை, ஆகவே வாய் திறந்துதான் ஆகவேண்டும். அந்த வேலையையும் சில நிறுவனங்கள் நமக்கு மிச்சப்படுத்திவிட்டன. டெல்ட்டா 2019இல் தன் ஏ320 விமானங்களின் சிக்கன வகுப்பில் சாய்வை நான்கு அங்குலத்திலிருந்து இரண்டாகக் குறைக்கத் தொடங்கியது. மலிவுக் கட்டண நிறுவனங்கள் பல, சற்றே சாய்ந்த கோணத்தில் அசையாமல் நிற்கும் இருக்கைகளைப் பொருத்திவிட்டன. பூட்டும் வடமும் வில்லும் இல்லாததால் எடை குறைகிறது, பழுது குறைகிறது, எரிபொருள் மிஞ்சுகிறது. சச்சரவு குறைந்தது அவர்களுக்குக் கிடைத்த கொசுறு.

அன்றிரவு நான் என் இருக்கையைச் சாய்க்கவில்லை. என் பின்னால் கடைசி வரிசை; அங்கே குழந்தையை மடியில் கிடத்தியிருந்த பெண்ணுக்கு அந்த 9 செ.மீ.யைக் கைமாற்றிவிட ஆள் இல்லை. உணவு வண்டி எங்கள் வரிசையை நெருங்கியபோது, முன்னால் எட்டிப் பார்த்து, “அம்மா, சாப்பாடு வருது. சீட்டைக் கொஞ்சம் நிமிர்த்திக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

“அப்பவே அமுக்கிப் பார்த்துட்டேன் தம்பி, வரவே மாட்டேங்குது. கெட்டுப்போச்சு போல” என்றார் அவர், முதுகைச் சாய்மானத்தில் நன்றாகப் பதித்துக்கொண்டு பொத்தானை மறுபடியும் அமுக்கியபடியே.

“முதுகைக் கொஞ்சம் முன்னால எடுத்துக்கிட்டு அமுக்குங்கம்மா.”

முதுகை விலக்கி அமுக்கினார். வில் தன் வேலையைச் செய்தது. சாய்மானம் அவருக்குப் பின்னாலேயே எழுந்து வந்து நின்றது.