மலைநாட்டில் மேட்டுக் காணியா? முற்பணம் கொடுக்க முதல் ரிப்போட்டைக் கேளுங்கள்

"இரண்டு பரப்பு, வியூ அந்தமாதிரி, உறுதி சுத்தம்." பண்டாரவளை, ஹற்றன், கண்டிப் பக்கம் காணி தேடும் யாழ்ப்பாணத்தவர்களிடம் தரகர்மார் சொல்வது இதுதான். உறுதி உண்மையிலேயே சுத்தமாக இருக்கலாம். காணி யாருடையது என்பதற்கு மேல் உறுதி எதையும் சொல்லாது. அந்தச் சரிவின் விளிம்பில் வீடு கட்டலாமா என்பதற்கு வேறொரு கடதாசி வேண்டும். அதைப் பற்றித் தரகர் வாய் திறக்கமாட்டார், நொத்தாரிசும் கேட்கமாட்டார்.

அந்தக் கடதாசி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தரும் மண்சரிவு ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை. சனம் 'என்.பி.ஆர்.ஓ. ரிப்போட்' என்று சொல்லும். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் 2011 முதல் கட்டட அனுமதிக்கு இது தேவை. 2014 இல் மீரியபெத்தையும் 2016 இல் அரநாயக்கவும் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நாட்டில் இந்த விதி அநியாயமில்லை. அநியாயம், வாங்குகிற ஆளுக்கு அது கடைசியாகத் தெரியவருவது.

சுன்னாகத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பணிக்கொடைக் காசு முழுவதையும் கொடுத்து உறுதி முடித்தபிறகே பிரதேச சபைக்குப் போனார். "முதல் ரிப்போட் கொண்டு வாங்கோ." ரிப்போட்டுக்குப் போனால், "நில அளவைப் படம், வீட்டுப் படம், சபைக் கடிதம் எங்கே?" படம் கீறியவர் கோண்டாவிலில், காணி பதுளையில், கையெழுத்து வைக்கவேண்டிய அலுவலர் லீவில். கடைசியில் வந்த ரிப்போட், விளிம்பில் கட்டடம் பரிந்துரைக்கப்படவில்லை என்றது. விற்றவர் போனை எடுப்பதில்லை.

ஆகவே முற்பணத்துக்கு முன்பே, விற்பவரைக் கொண்டு அவர் பெயரிலேயே விண்ணப்பம் போடுவியுங்கள். ரிப்போட் வரமுதல் முற்பணம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், அது பாதகமாக வந்தால் காசு முழுவதும் திரும்பவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். "இஞ்ச எல்லாரும் கட்டியிருக்கினம், ஒண்டும் நடக்கேல்லை" என்று மழுப்பினால் எழும்பி வாருங்கள். விளிம்பில் தரை வெடித்திருந்தாலோ, மரங்கள் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து நின்றாலோ ரிப்போட்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த பொறி ஜேசிபி. பார்வையிட ஆள் வரமுதலே மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணை விளிம்பில் கொட்டி, தரையை யாழ்ப்பாணத்து வளவு மாதிரிச் சமப்படுத்திவிடுகிறார்கள். அதோடு விண்ணப்பமும் சிக்கலாகிறது, வீட்டின் பாதிப் பாரமும் இறுகாத மண்ணில் ஏறுகிறது. அலுவலர் வந்து பார்க்கும்வரை ஒரு கூடை மண்ணும் அசையக்கூடாது.

ரிப்போட் 'நிபந்தனைகளுடன்' வந்தால் அந்த நிபந்தனைகள்தான் ரிப்போட். விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளுவது, எங்கே தாங்கு சுவர், அதில் நீர் வடியத் துளைகள், வடிகால் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்தக் காணிக்கும் அந்தப் படத்துக்கும் மட்டும் எழுதியது. பக்கத்து வீட்டுக்காரரின் அளவு உங்களுக்குச் சரிவராது. பிறகு மேல்மாடி போட நினைத்தால் திரும்பவும் கேட்கவேண்டும். கேட்காமல் கட்டினால், கட்டி முடிந்தபின் சபை தரும் இணக்கச் சான்றிதழில் வந்து இடிக்கும்.

எங்கள் மேசன்மாருக்குத் தனியாகச் சொல்லவேண்டும். கிணற்றுக்கு ஊறட்டும் என்று கூரைத் தண்ணீரை வளவுக்குள் விடுவது யாழ்ப்பாணத்தில் நல்ல பழக்கம். சரிவின் உச்சியில் அதே வேலை மண்ணை ஊறவைத்துப் பாரமாக்கி இளக்கிவிடும். பீலித் தண்ணீரைக் கட்டிய வாய்க்காலில் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். மலக்குழியையும் விளிம்புப் பக்கம் வெட்டவேண்டாம்.

அலுவலகங்களில் சிங்களப் படிவத்தை நீட்டி "தமிழ் முடிஞ்சுது" என்பார்கள். தமிழில் கேட்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. எழுத்தில் கேளுங்கள், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கடதாசியின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்குங்கள். கோப்பு எங்கே கிடக்கிறது என்று சொல்ல மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாகவேண்டும். முத்திரை குத்திய பிரதிகள் அப்போதுதான் உதவும்.

ஏற்கெனவே கட்டிக் குடியிருப்பவர்கள் 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 150 ஐத் தாண்டினால் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.