ஆதாயக் கொலை

நகை, பணம் போன்ற பொருளைப் பறிப்பதற்காக ஒருவரைக் கொல்வதைத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் 'ஆதாயக் கொலை' என்பார்கள். 'மர்டர் ஃபார் கெயின்' என்பதன் தமிழாக்கம் இது. முன்பகை, குடும்பத் தகராறு, சாதி மோதல் போன்றவற்றால் நடக்கும் கொலைகளிலிருந்து இதைத் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். காவல்துறைக் கணக்கில் இது கூட்டுக்கொள்ளை, கன்னக்களவு, திருட்டு ஆகியவற்றோடு சொத்துக் குற்றங்களின் வரிசையில் வரும். உயிர் போன குற்றத்துக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். விசாரிப்பவருக்கு அதில் ஒரு வசதி உண்டு: போன நகை எங்கே போனது என்று தேடினாலே பாதி வழக்கு கைக்கு வந்துவிடும்.

சொல்லுக்கு வருவோம். 'ஆதாயம்' வடசொல். 'ஆதா' என்ற வினைக்கு எடுத்துக்கொள்ளுதல், பெறுதல் என்று பொருள். தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம் எல்லாவற்றிலும் ஆதாயம் என்றால் வருமானம். வருமான வரியையே அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். தமிழிலோ இலாபம் என்ற பொருள் முன்னுக்கு வந்து, "உனக்கு இதில் என்ன ஆதாயம்?" என்று கேட்கும்போது கொஞ்சம் சந்தேக வாடையும் ஏறிவிட்டது. கொலைக்கு முன்னால் போட அது பொருத்தமாகவே இருக்கிறது.

நல்ல தமிழில் எப்படிச் சொல்லலாம்? ஆதாயத்துக்கு நேரான பழஞ்சொல் 'ஊதியம்'. "அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு" என்ற குறளில் (231) அது பயன், இலாபம் என்ற பொருளில்தான் வருகிறது. இன்றோ அது சம்பளம். 'ஊதியக் கொலை' என்று எழுதினால் படிப்பவர் கூலிப்படையைத்தான் நினைப்பார். அந்த வழி சரிப்படாது.

என் தேர்வு 'கொள்ளைக் கொலை'. கொள் என்ற வேரிலிருந்து கொள்ளை. அதற்கும் எடுத்துக்கொள்வதுதான் அடிப்பொருள். ஆதாயத்தின் வேர்ப்பொருளும் அதுவே என்பதால் இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது. பழைய இலக்கியத்தில் வழிமறித்துக் கொள்ளையடிப்பவரை 'ஆறலை கள்வர்' என்று பொருநராற்றுப்படை சொல்கிறது. கலித்தொகையின் பாலைப் பாட்டு ஒன்றில் (4) "கொள்ளும் பொருள் இலர் ஆயினும்" வழிப்போக்கர் துடிப்பதைக் காண்பதற்காகவே தொடர்ந்து வந்து உயிரை வௌவுகிறவர்கள் வருகிறார்கள். ஆதாயமே இல்லாத கொலை! இன்றைய காவல் நிலையம் அதை வேறு தலைப்பில்தான் பதிந்திருக்கும்.

சட்டப் புத்தகத்தில் 'ஆதாயக் கொலை' என்று தனிப் பிரிவு எதுவும் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அது கூட்டுக்கொள்ளை. அதில் ஒருவர் கொலை செய்தாலும் மற்ற எல்லோரும் அதற்குப் பொறுப்பு, மரண தண்டனை வரை போகலாம் (பிரிவு 310(3), பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 396). நான்கு பேர் என்றால் கதை வேறு. அப்போது கொள்ளைக்கு 309, கொலைக்கு 103 என்று தனித்தனிப் பிரிவுகள். குத்தாதவரையும் கொலைக்குப் பொறுப்பாக்க, பொது உள்நோக்கம் இருந்ததை 3(5)-இன்கீழ் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும்.

அப்புறம் ஒப்புதல் வாக்குமூலம். "போலீஸாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று செய்தியில் படித்ததும் வழக்கு முடிந்ததாக நினைக்கிறோம். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கவே முடியாது (பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டம், பிரிவு 23; பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27). ஒரே ஒரு விலக்கு: அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். "கத்தியைக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன்" என்பது செல்லும். "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்று சேர்த்துச் சொன்னால் அந்தத் துண்டு செல்லாது. கோட்டையா வழக்கில், ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வகுத்த இந்த எல்லையை நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றுகின்றன.

கொலை நடந்த கொஞ்ச நேரத்திலேயே இறந்தவரின் நகை ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்லவும் முடியாவிட்டால், மற்ற சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்து நீதிமன்றம் கொலையையும் ஊகிக்கலாம். நாள் கடந்து, நகையைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்றால், திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றம் மட்டுமே மிஞ்சலாம். நியாய சன்ஹிதாவின் பிரிவு 317(2)-இன்படி அதற்கு அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறை.