வீட்டு வரி: தொகைக்கு முன்னால் பதிவைப் பாருங்கள்

வீட்டு வரி ஏறிவிட்டது என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "உங்கள் வீடு எத்தனை சதுர அடி என்று மாநகராட்சியில் பதிவாகியிருக்கிறது?" என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. சிலர் பத்திரத்திலுள்ள மனையின் அளவைச் சொல்வார்கள், சிலர் பில்டர் விளம்பரத்தில் போட்ட அளவைச் சொல்வார்கள். வரிக்குக் கணக்கு இவை இரண்டும் அல்ல. கட்டடத்தின் பரப்பு, தெரு, குடியிருப்பா கடையா, எந்த வகைக் கட்டடம் என்று வரி விதிப்பு எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதன்படிதான் தொகை. எத்தனை சதவீதம் ஏற்றுவது என்பது அரசு முடிவு; அதில் தனி ஆளாகச் செய்ய ஒன்றுமில்லை. பதிவில் உள்ள பிழையைத் திருத்த முடியும்.

ஒரு சின்னப் பிழை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு 2022 ஏப்ரல் உயர்வே சாட்சி. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்று ஏற்றினார்கள். 1,190 சதுர அடி வீடு பதிவில் 1,210 என்று இருந்தால், அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டியவருக்கு 1,750 ஆக வேண்டியது 2,000 ஆகிவிடும். இருபது சதுர அடிக்கு ஆண்டுக்கு 500 ரூபாய், அதுவும் வருடா வருடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். சுவரின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை, தளம் தளமாக. அடுக்குமாடியென்றால் பொது இடத்தில் உங்கள் பங்கு எவ்வளவு சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறை கான்கிரீட் என்று ஏறியிருக்கும். கீழே இருந்த கடையைக் காலி செய்து நான்கு வருடமாகியும் வணிகப் பயன்பாடு என்றே நிற்கும். அடிக்கடி கண்ணில் படுபவை இவைதான். இடித்த பகுதிக்கும் எழுதிக் கொடுக்காதவரை வரி ஓடும்.

தவறு தெரிந்தால் ஆணையருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல், அளவுகளுடன் கையால் போட்ட படம், கடைசி ரசீது, பயன்பாடு பற்றிய தகராறு என்றால் மின் கட்டண ரசீது ஆகியவற்றை இணைத்து, மனு பெற்றதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். மாநகராட்சி அனுப்பிய வரி நோட்டீஸில் அச்சிட்ட கெடுவைத் தாண்டினால் நியாயம் இருந்தும் கேட்க ஆள் இருக்காது. மனு நிலுவையில் இருக்கிறதே என்று வரியை நிறுத்த வேண்டாம். தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி சேரும். கூடுதலாகக் கட்டியதை வரும் அரையாண்டுகளில் கழிக்கும்படி மனுவிலேயே எழுதிவிடலாம். ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குச் சலுகையும் உண்டு: ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் குறையும்.

ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அது சொத்து வரியில் பத்தில் ஒரு பங்கு. சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரி தனி. ஆண்டு மதிப்பில், அதாவது வீட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு வாடகை வரும் என்று வரிக்காகக் கணக்கிடும் தொகையில், 7 சதவீதம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டும். அந்த ஆண்டு மதிப்பு மாநகராட்சியிலிருந்து வருவதால், அங்கே உள்ள பிழை இங்கேயும் காசு பிடுங்கும். திருத்திய பிறகு ஆணையின் நகலை வாரியத்திலும் கொடுக்க வேண்டும்.

பழைய வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வரி பாக்கி அதில் தெரியாது. ஆனால் அந்தப் பாக்கி சொத்தின் மேல் முதல் பொறுப்பு. விற்றவர் போன பின்னும் வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வரி எண்ணைப் போட்டு பாக்கியை இணையத்தில் பாருங்கள், குடிநீர் வாரியக் கணக்கையும் சேர்த்து. மனையாக இருந்தபோது போட்ட காலிமனை வரி எண் ரத்தாகாமல், வீட்டு வரியும் புதிதாகப் போடப்பட்டு, இரண்டும் தனித்தனியே ஏறிக்கொண்டிருப்பதும் உண்டு. வீடு கட்டி முடித்து வரி போட மனு கொடுக்கும்போதே பழைய எண்ணை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பத்திரம் பதிவானதும் வரியில் பெயர் மாறிவிட்டதா என்று நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். பட்டா தாலுகா அலுவலக வேலை. அங்கே மாறினால் இங்கே மாறியதாக ஆகாது. வாரிசுகளுக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வரி ரசீது உங்கள் பேரில் இருப்பதாலேயே வீடு உங்களுடையது என்று ஆகிவிடாது. நீதிமன்றம் கேட்பது பத்திரத்தை. அண்ணன் தம்பி பாகத் தகராறுகளில் "முப்பது வருஷமா நான்தான் வரி கட்டறேன்" என்ற வாதம் தனியாக நிற்பதில்லை.

வாடகைக்கு விட்ட வீடென்றால் ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள். வருமான வரிக் கணக்கில், உரிமையாளர் கட்டிய வீட்டு வரியை வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம், ஆனால் பணம் கட்டிய ஆண்டில்தான். மூன்று வருடப் பாக்கியை மார்ச் 28 அன்று கட்டினால் முழுவதும் அந்த ஆண்டுக் கணக்கில் வரும். ஏப்ரல் 2 என்றால் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.