திசைவித்தலா, வழியமைத்தலா?

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் தங்கை மகன் ஒரு மலருக்காக எழுதிய கட்டுரையை நீட்டினான். தலைப்பு: ‘நகர்பேசிக் கம்பியில்லா வலைகளில் திசைவித்தல் நெறிமுறைகளின் சக்தி நுகர்வு’. வலையில் தகவல் போக வழி பார்க்கும் ‘ரவுட்டிங்’குக்கு மறுபடியும் திசைவித்தல்!

ரூட் என்பது லத்தீன் ‘வியா ருப்டா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வெட்டித் திறந்த பாதை என்று பொருள். ரவுட்டிங் என்றால் வழியமைத்தல். சரி, இதில் திசை எங்கே வந்தது?

‘திசை’ வடசொல் என்பது எனக்குப் பெரிய குறையில்லை. ரவுட்டருக்கு ‘திசைவி’ என்கிறார்களே, அதுதான் குறை. துற என்ற வினை இருப்பதால் துறவி உண்டு. திசை என்ற வினைக்கோ பழந்தமிழில் திகைத்தல், மயங்குதல் என்று பொருள். அப்படிப் பார்த்தால் திசைவி, தகவல் பொட்டலத்தைத் திகைக்க வைக்கும் பெட்டி!

பொருளும் பொருந்தவில்லை. கோபுரம் இல்லாத நடமாடும் வலையில் கருவிகளே ஒன்றுக்கொன்று தகவலைக் கைமாற்றுகின்றன. 2003-இல் வெளியான ஏஓடிவி என்ற நெறிமுறை, தேவை வரும்போது மட்டும் அக்கம்பக்கத்தில் வழி கேட்கும். அதே ஆண்டின் ஓஎல்எஸ்ஆர் என்ற இன்னொன்று, யாரும் பேசாவிட்டாலும் இயல்பாக 2 நொடிக்கொரு முறை ‘ஹலோ’ சொல்லி வழிப்பட்டியலைத் தயாராக வைத்திருக்கும். சும்மா இருக்கும்போதும் பேட்டரி கரையும். இரண்டுக்குமே கிழக்கு மேற்கு தெரியாது. அடுத்த கணு, அதாவது வலையில் உள்ள அடுத்த கருவி, எது என்பதுதான் தெரியும். தூரம் இரட்டித்தால் அலைபரப்பும் திறன் குறைந்தது நான்கு மடங்கு வேண்டும். அதனால் நேரே ஒரே தாவலாகப் போவதைவிட, நடுவில் ஒருவரிடம் கொடுத்துப் போவது சில சமயம் மலிவு. ‘திசை’ என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கே மறைந்துபோகும். ஜிபிஎஸ் இருப்பிடத்தைப் பார்த்து அனுப்பும் நெறிமுறைகளும் உண்டு. திசை என்ற சொல்லை அவற்றுக்கு வைத்துக்கொள்ளலாமே.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் ‘கொழிஞ்சாம்பாறை வழி’ என்று போட்டால் தமிழருக்கும் புரியும், மலையாளிக்கும் புரியும். ‘தென்கிழக்கு’ என்று எழுதினால் யார் ஏறுவார்கள்?

எனக்குப் பிடித்தது ஆற்றுப்படுத்தல்தான். பரிசு பெற்று வரும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வது, ஆறு என்றால் வழி. ஆனால் அதை மனநல ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அப்புறம் அந்தச் ‘சக்தி நுகர்வு’. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆற்றல் (எனர்ஜி) வேறு, திறன் (பவர்) வேறு. சக்தி என்றால் எதைச் சொல்கிறான்? பேட்டரி எதையும் நுகர்வதில்லை, அதற்குச் செலவு ஆகிறது. பழந்தமிழில் செலவு என்றாலே பயணம். ‘நகர்பேசி’யும் தவறு, இங்கே நகர்வது கணு, அது போனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

‘நடமாடும் கம்பியில்லா வலைகளில் வழியமைப்பு நெறிமுறைகளுக்கு ஆகும் ஆற்றல் செலவு’ என்று திருத்திக் கொடுத்தேன்.

“அப்ப ரவுட்டருக்கு என்ன மாமா?”

“ரவுட்டர்னே எழுதுடா.”