சீனி வருத்தம் தடையில்லை, வயதுதான் தடை: அந்த வயதைப் போட்டது யார்?

என் அக்காவின் மகனுக்கு 16 வயது. ஒன்பது வயதிலிருந்து முதலாம் வகை நீரிழிவு. ஒரு நாளைக்கு நாலு தரம் இன்சுலின் போட்டுக்கொண்டு, பின்னேரங்களில் திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் ஓடுகிறவன். நீரிழிவுள்ள ஓட்டக்காரர்களுக்கு அனுசரணை என்று ஒரு விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தான். நுழைவுக் கட்டணம், சப்பாத்து, போய்வரும் செலவு எல்லாம் கம்பனியின் பொறுப்பு. மூன்றாம் நாள் பதில் வந்தது: 18 வயது பூர்த்தியாகாதவர்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டார்கள். "மாமா, சீனி இருந்தா பரவாயில்லையாம், வயசு காணாதாம்" என்றான்.

அதே கிழமை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் ஐயா வந்து நின்றார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், 63 வயது, இரண்டாம் வகை நீரிழிவு. விடியக்காலையில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் ஏற்றம் வரை மான்களுக்கு நடுவே ஓடிப்போய் வருகிறவர். அவரை வேறொரு ஓட்டத்தில் 60க்கு மேல் எடுக்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு பேருக்கும் நான் சொன்னது ஒன்றுதான். கோபப்பட முதல், இந்த வயதைப் போட்டது யார் என்று கேளுங்கள். ஓட்டத்தை நடத்துகிறவரா, காசு போடுகிற கம்பனியா, அரச அலுவலகமா? யாரிடம் முறையிடலாம், முறையிட்டு ஏதும் ஆகுமா என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ஓட்டத்தை நடத்துகிறவர் போட்ட வயது என்றால் அதற்கும் நீரிழிவுக்கும் சம்பந்தமில்லை. பொஸ்டன், நியூயோர்க், லண்டன் மரதன்களில் 18 வயது முடிந்திருக்க வேண்டும். சிக்காகோவில் 16 போதும். எங்கள் சட்டத்தில் 1989 முதல் 18 வயதில்தான் ஒருவர் பராயமடைகிறார். ஓட்டத்தில் ஏதும் நடந்தால் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைக்க அதற்குக் குறைந்த பிள்ளையால் முடியாது. தாயோ தகப்பனோ வைக்க வேண்டும். அந்தத் தலையிடி வேண்டாம் என்றுதான் பல ஏற்பாட்டாளர்கள் 18 என்று ஒரே கோடாகக் கிழித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே நிகழ்வில் 42 கிலோமீற்றருக்கு ஒரு வயதும் 10, 5 கிலோமீற்றர்களுக்கு வேறு வயதும் இருக்கலாம். விதிமுறைத் தாளைக் கடைசி வரி வரை வாசியுங்கள்.

மேல் எல்லை வேறு கதை. தடகளத்தில் வயது போனவர்களுக்கு வாசல் அடைபடுவதில்லை. 35இல் மூத்தோர் பிரிவு தொடங்கி, அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் பிரிவுகள் மேலே போகின்றன. ஆகவே 60இல் நிறுத்துவது விளையாட்டு விதி என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அது அந்த நிகழ்வுக்காரர் தாங்களாகப் போட்ட பயம்.

நீரிழிவு மருந்தோ கருவியோ விற்கும் கம்பனி போடும் வயதுக்குப் பின்னால் பெரும்பாலும் அந்தச் சாமானின் அனுமதி இருக்கும். மருந்துக்கும் கருவிக்கும் எந்த வயதினருக்கு அனுமதி கிடைத்திருக்கிறதோ, அந்த வயதினரிடம்தான் கம்பனி அதை விளம்பரப்படுத்தலாம். ஓர் உதாரணம்: மெட்ரோனிக் கம்பனியின் மினிமெட் 670ஜி இன்சுலின் பம்புக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தபோது அது 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், ஏழு வயதுப் பிள்ளைகளும் பாவிக்கலாம் என்று வந்தது 2018இல். இடைப்பட்ட காலத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பம்பின் பெயர் போட்ட பனியனை மாட்டி ஓடவிட்டால் கேள்வி வரும். இலங்கையில் மருந்து, கருவி விளம்பரங்களை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கவனிக்கிறது. பிள்ளையின் படத்தைச் சுவரொட்டியில் போடுவதற்கான சம்மதமும் தனிச் சிக்கல்.

கம்பனி தரும் அனுசரணை தனியாரின் கொடை. உரிமை என்று கோர முடியாது, அடிப்படை உரிமை வழக்கும் இங்கே நிற்காது. அந்த வழக்கு அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகத்தான். கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அனுசரணையில் ஓடும் வாய்ப்பைக் கொடுப்பது மாவட்டச் செயலகமோ, மாகாண விளையாட்டுத் திணைக்களமோ, உள்ளூராட்சி சபையோ என்றால் நிலைமை மாறுகிறது. அனுசரணைக் காசு கம்பனியுடையதாக இருந்தாலும் ஆளைத் தெரிவுசெய்வது அரச அலுவலகம் என்றால், அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்குப் பதில் சொல்ல வேண்டும். 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால் என்று பெயர் சொல்லி அடுக்குகிறது; அந்த அடுக்கில் வயதும் இல்லை, நோயும் இல்லை. அதனால் பிடிக்க வேண்டிய இடம் 12(1): சட்டத்தின் முன் எல்லோரும் சமம். ஆட்களை வகை பிரிக்கலாம், ஆனால் பிரிப்பதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். 16 வயதுப் பிள்ளையை 42 கிலோமீற்றருக்கு விடாததற்கு நியாயம் சொல்லலாம். 63 வயதுக்காரரின் வைத்தியச் சான்றிதழை வாங்கிப் பார்க்காமலே திருப்பியதற்கு என்ன நியாயம் சொல்வார்கள்?

இங்கே நாட்கணக்கு முக்கியம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். காரணம் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவே அலுவலகத்துக்கு 14 வேலை நாட்கள் உண்டு. சனி, ஞாயிறு, போயா எல்லாம் சேர்த்தால் மூன்று கிழமை கரைந்துவிடும். அதனால் தகவலுக்குக் காத்திராமல், அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் ஒரு முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். திருகோணமலையிலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்த துண்டை மட்டும் நம்பி இருக்காமல், விசாரணை நடக்கிறதா என்று இடைக்கிடை போய்க் கேட்க வேண்டும். கடிதம் தமிழில் போதும். வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ்.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைப் பிடிக்கலாமே என்று ஐயா கேட்டார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், தன் அன்றாடத் தேவைகளை முழுதாகவோ ஓரளவோ தானே பார்த்துக்கொள்ள இயலாதவரைத்தான் அப்படிச் சொல்கிறது. பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து அதைக் கேட்டால் சிரிப்பார்கள் ஐயா என்றேன். அவரும் சிரித்தார்.

வயதோடு ஒட்டாத இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில்தான் மாட்டுப்படுவார்கள். இன்சுலின், உலக ஊக்கமருந்து தடுப்புப் பட்டியலில் எந்த நேரமும் தடைசெய்யப்பட்ட பொருள். பரிசோதனை நடக்கும் மட்டத்துப் போட்டிக்குப் போகிறவர் சிகிச்சைக்கான விதிவிலக்கை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். இங்கே அதற்கான அமைப்பு 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. ஐயா போடும் மெற்போமின் குளிசைக்கு அந்தத் தடை இல்லை.

சரி, கேட்டுப் பார்க்கும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? "ஓடத் தகுதியானவர்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் காணாது. எந்த வகை நீரிழிவு, என்ன மருந்து, கடைசி எச்.பி.ஏ.1.சி. (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு, சீனி இறங்கி மயங்கியது கடைசியாக எப்போது, எத்தனை கிலோமீற்றர் ஓடிப் பழக்கம் என்பதெல்லாம் கிளினிக் கொப்பியைப் பார்த்து வைத்தியர் எழுத வேண்டும். ஐயா வயதில் இருப்பவர்கள் ஈ.சி.ஜி.யும் எடுத்து வைப்பது நல்லது. அரசின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்ப்பார்கள். அதுவும் 35 வயதுக்கு மேற்பட்டவர்களை நோக்கிய சேவைதான். வயதுக்கோடு இல்லாத இடமே இல்லைப் போலிருக்கிறது. பிள்ளை என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதமும், கூட நிற்கப்போகும் பெரியவரின் பெயரும் சேர்க்க வேண்டும்.

மருமகனின் கடிதத்தோடு அவன் ஓடும் நாட்களில் எழுதிவரும் கொப்பியின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து வைத்தோம். ஓட முதல் மரத்தடியில் குந்தி, விரலைக் குத்தி, சீனி பார்க்கும் துண்டில் ஒரு சொட்டு. சீனி 126க்கும் 180க்கும் (மி.கி./டெ.லீ.) இடையில் என்றால் அப்படியே இறங்குவான். 90க்குக் கீழே என்றால் குளுக்கோஸ் சாப்பிட்டு, ஏறும்வரை இருப்பான். 270ஐத் தாண்டினால் கீற்றோன் (இன்சுலின் காணாதபோது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பார்க்காமல் ஓடுவதில்லை. இன்சுலின் பேனா வெயில் படாமல் ஈரத் துணி சுற்றி என் சைக்கிள் கூடையில் இருக்கும்.

கம்பனி மசியவில்லை. ஆனால் கடிதத்தின் பிரதி ஒன்றை ஓட்ட ஏற்பாட்டாளருக்கும் அனுப்பியிருந்தோம். அனுசரணை இடத்துக்குத்தான் 18, 10 கிலோமீற்றர் பொதுப் பிரிவுக்கு 16 வயதும் பெற்றோர் கையெழுத்தும் போதும் என்று அங்கிருந்து பதில் வந்தது. கட்டணத்தை அக்கா சீட்டுக் காசில் எடுத்துக் கட்டினாள். ஐயாவின் முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது. அவர் கிழமைக்கொருதரம் போய்க் கேட்டுவிட்டு வருகிறார், ஓடித்தான்.