நனைந்த படங்களை வெயிலில் காயவைக்காதீர்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையோடு இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூர், வெருகல் பக்கங்களில் வெள்ளம் புகுந்த பின்னர், புகைப்படங்களைச் சீர்செய்யும் என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை வெள்ளத்தால் கெட்டவை அல்ல, காயவைத்ததால் கெட்டவை. கடைசியாக வந்த கலியாண அல்பத்தைத் தகரக்கூரையில் பரப்பி, மொறமொறவென்று காயவைத்தே கொண்டுவந்திருந்தார்கள். பக்கங்கள் யாவும் ஒரே கட்டையாக இறுகியிருந்தன. ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தபோது மணமகளின் முகம் தாளில் இல்லை. மேலே மூடியிருந்த பொலித்தீன் தாளில், இடம் வலம் மாறி ஒட்டிக்கிடந்தது.

ஈரம் போனால் படம் தப்பிவிடும் என்று நம்புகிறார்கள். ஸ்டூடியோவில் கழுவிய படத்தில் உருவம் இருப்பது தாளில் அல்ல, அதன்மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில். மாட்டெலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கப்படும் அந்த ஜெலட்டின் நனைந்தால் ஊதி இளகும், காய்ந்தால் வச்சிரம்போல் தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும். ஆகவே ஒன்றோடொன்று கிடக்கும் நனைந்த படங்களை, பிரித்தெடுக்கும்வரை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். "வெள்ளத்தில் கிடந்ததை மறுபடியும் தண்ணீரில் போடுவதா?" என்று கேட்கிறார்கள். ஆம், போட வேண்டும். 2011இல் ஜப்பானில் சுனாமி அள்ளிச்சென்ற குடும்பப் படங்களையும் ஃபியூஜிஃபில்ம் நிறுவனமும் தொண்டர்களும் தண்ணீரில் கழுவித்தான் மீட்டார்கள்.

அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த நீரை ஊற்றி, படங்களை அதில் அமிழ்த்தி, தாமாக விலகுபவற்றை ஓரத்தில் பிடித்து எடுங்கள். உருவத்தின்மேல் விரலோ துணியோ படக்கூடாது. சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். நீரை மாற்றி மாற்றி அலசிய பின், முகம் மேலே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து நிழலில் உலரவிடுங்கள். பத்திரிகைத் தாளின் மை படத்தில் ஏறிவிடும். ஹெயார் ட்ரையரும் ஸ்திரிக்கைப் பெட்டியும் அருகிலேயே வரக்கூடாது. வீட்டுப் பிரிண்டரில் எடுத்த படங்களின் மை கரையக்கூடும் என்பதால் அவற்றை மட்டும் நீரில் போடாமல் தனித்தனியே பரப்புங்கள்.

நமது மாரிக்காலத்து ஈரக்காற்றில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வீடு கழுவும் அவதியில் நேரமில்லையென்றால், மெழுகுத்தாளை இடையிடையே வைத்து, பொலித்தீன் பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள்; கழுவும் வேலை வாரக்கணக்கிற்குக்கூடக் காத்திருக்கும். பழைய கண்ணாடி நெகடிவ்களை மட்டும் உறையவைக்க வேண்டாம்.

சட்டகத்தின் கண்ணாடியோடு காய்ந்து ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள். அது கண்ணாடியோடே இருக்கட்டும். அதன் வழியாகவே நான் பிரதி எடுத்துத் தருவேன். கட்டையாகிவிட்ட அல்பத்தையும் கத்தியால் பிளக்காமல் கொண்டுவாருங்கள், சிலவற்றையேனும் ஊறவைத்துப் பிரிக்கலாம்.

2006இல் போரால் இடம்பெயர்ந்தபோது எல்லாவற்றையும் விட்டுவந்த குடும்பங்களிடம் அம்மம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். தயவுசெய்து அதைச் சேறோடும் ஈரத்தோடும் அப்படியே பையில் போட்டு, அன்றைக்கே எடுத்துவாருங்கள். அழுக்காக இருக்கிறதே என்று கூச வேண்டாம்.