சாவியைக் கைமாற்றும் முன்: வாடகைக் காரில் இரண்டாவது ஓட்டுநருக்குக் காப்பீடு எப்போது உண்டு?

நள்ளிரவு தாண்டிவிட்டது. வாடகைக்கு எடுத்த காரை ஆறு மணி நேரமாக ஒருவரே ஓட்டிக்கொண்டிருக்கிறார், கண் சொக்குகிறது. பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தி, பக்கத்து இருக்கையில் இருக்கும் மைத்துனரிடம் சாவியைக் கொடுக்கிறார். மைத்துனருக்கு உரிமம் உண்டு, நீண்ட அனுபவம் உண்டு, தூக்கக் கலக்கமும் இல்லை. சாலைப் பாதுகாப்பை நினைத்தால் சரியான முடிவுதான். ஆனால் அந்தச் சாவி கைமாறியதுமே, வண்டியை எடுத்தவருக்கு இருந்த காப்பீட்டுப் பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விட்டது. காரணம், வாடகை ஒப்பந்தத்தில் மைத்துனரின் பெயர் இல்லை.

"காருக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே, யார் ஓட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் பலர். சொந்தக் காரில் பழகிய நினைப்பு அது. உரிமையாளர் சம்மதித்து, உரிமம் வைத்திருக்கும் வேறொருவர் ஓட்டினால் பல நாடுகளில் சொந்தக் காரின் பாலிசி செல்லும். வாடகைக் காரின் உரிமையாளர் நிறுவனம். எனவே சம்மதம் தர வேண்டியதும் நிறுவனமே. அந்தச் சம்மதத்தை அது எழுத்தில்தான் தருகிறது. ஒப்பந்தத்தில் 'கூடுதல் ஓட்டுநர்' என்ற தலைப்பின் கீழ் வரும் பெயர், பிறந்த தேதி, உரிம எண் ஆகியவையே அந்தச் சம்மதம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சம்மதம் இல்லை என்று பொருள். வண்டியில் உடன் வந்தவர் என்பதாலோ, உறவினர் என்பதாலோ சம்மதம் தானாக வந்துவிடாது.

காப்பீடு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் தனித்தனிச் சங்கதிகள். பெயர் இல்லாத ஓட்டுநரை அவை ஒவ்வொன்றும் வேறுவிதமாக நடத்துகின்றன. குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு. சாலையில் போகும் பிறருக்கு ஏற்படும் காயம், உயிரிழப்பு, சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கானது. பெரும்பாலான நாடுகளில் இது சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் காப்பீடு. பாதிக்கப்பட்டவரைக் காப்பதே இதன் நோக்கம். ஆகவே ஓட்டியவரின் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, அடிபட்டவரை வெறுங்கையோடு அனுப்புவதைச் சட்டங்கள் எளிதில் அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு வாகனக் காப்பீட்டு உத்தரவு (2009/103) இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அனுமதி பெறாதவர் ஓட்டினார் என்ற பாலிசி விதியைப் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. இந்தியாவில், ஓட்டுநர் உரிமம் தொடர்பான விதிமீறல் வழக்குகளில், இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் விளக்கியது.

'பிறகு வசூலித்துக்கொள்ளலாம்' என்ற பின்பாதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. அடிபட்டவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பல மாதங்கள் கழித்து, கொடுத்த தொகையைத் திருப்பிக் கேட்டு வழக்கறிஞர் நோட்டீஸ் வரும்போதுதான் சங்கதி புரிகிறது.

அமெரிக்காவில் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கே 2005இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உண்டு. கிரேவ்ஸ் திருத்தம் என்று அழைப்பார்கள். வாடகை நிறுவனத்தின் தரப்பில் கவனக்குறைவு எதுவும் இல்லாதபோது, காரின் உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக விபத்துப் பொறுப்பை அதன் தலையில் சுமத்த முடியாது என்கிறது அது. அப்படியானால் பாதிக்கப்பட்டவர் அடுத்து யாரைத் தேடி வருவார்? ஓட்டியவரைத்தான்.

இரண்டாவது, வாடகைக் காருக்கே ஏற்படும் சேதம். கவுன்ட்டரில் 'கொலிஷன் டேமேஜ் வேய்வர்' என்ற பெயரில் விற்கப்படுவது இதற்காகத்தான். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: வேய்வர் என்றால் விட்டுக்கொடுத்தல். கண்டிப்பாகப் பார்த்தால் இது காப்பீடே அல்ல. 'வண்டிக்குச் சேதம் வந்தால் உங்களிடம் கேட்க மாட்டோம்' அல்லது 'இந்தத் தொகைக்கு மேல் கேட்க மாட்டோம்' என்று நிறுவனம் தரும் வாக்குறுதி. வாக்குறுதிக்கு நிபந்தனைகள் உண்டு. அனுமதிக்கப்பட்டவர் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் வாக்குறுதி ரத்து. மூன்றாம் நபர் காப்பீட்டில் சட்டம் குறுக்கே நின்று அடிபட்டவரைக் காக்கிறது. இங்கே பெரும்பாலும் ஒப்பந்தம் வைத்ததே சட்டம். பழுதுச் செலவு, வண்டி பணிமனையில் நின்ற நாட்களின் வருமான இழப்பு, இழுவை வண்டிக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் எல்லாம் ஒரே பில்லில் வரும். அதுவும் ஓட்டியவருக்கு வராது, கையெழுத்துப் போட்டவருக்கே வரும். டெபாசிட்டுக்காகப் பிடித்துவைத்திருப்பது அவருடைய கார்டைத்தானே!

தவறு வண்டி ஓட்டியவர் மேல் இல்லாவிட்டாலும் இந்தச் சிக்கல் தீராது. சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து ஒருவர் வந்து மோதினார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டியது யார் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் இல்லாத பெயரைச் சொன்ன உடனே, உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்கு தனியாகத் தொடங்கிவிடுகிறது. மோதியவரிடம் வசூலாகும் வரை நிறுவனம் காத்திருக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை.

மூன்றாவது, நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் பாதுகாப்பு: கிரெடிட் கார்டோடு வரும் வாடகைக் கார் காப்பீடு, தனியாக வாங்கிய எக்ஸெஸ் பாலிசி (சேதச் செலவில் உங்கள் தலையில் விழும் பங்கை ஈடுகட்டுவது), சொந்தக் காரின் பாலிசி. கார்டு காப்பீடு வழக்கமாகக் கார்டுதாரருக்கும், வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ள கூடுதல் ஓட்டுநர்களுக்கும் பொருந்தும். எக்ஸெஸ் பாலிசிகளும் பெரும்பாலும் அதே ஒப்பந்தத்தைத்தான் எடுத்துப் பார்க்கின்றன. அதாவது, வெளியில் வாங்கிய பாலிசியின் கதவும் கவுன்ட்டரில் எழுதிய பெயரால்தான் திறக்கிறது. கார்டு காப்பீட்டை நம்புகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வாடகை முழுவதையும் அதே கார்டில் செலுத்தியிருக்க வேண்டும், நிறுவனத்தின் வேய்வரை வாங்காமல் விட்டிருக்க வேண்டும் என்பவை அடிக்கடி வரும் நிபந்தனைகள்.

சொந்தக் காரின் பாலிசி வாடகைக் காருக்கும் நீளுமா என்பது நாட்டுக்கு நாடு, பாலிசிக்குப் பாலிசி மாறும். நீளும் இடங்களிலும், உங்கள் பாலிசி உங்கள் நண்பரைக் காக்கும் என்று அனுமானிக்க வேண்டாம். இந்திய பாலிசிகளில் உள்ள 'உரிமையாளர்-ஓட்டுநர்' தனிநபர் விபத்துக் காப்பீடு, பெயருக்கேற்ப உரிமையாளருக்கு, அவருடைய சொந்த வண்டியில்தான் பயன்படும். வாடகைக் காரில் முதல் ஓட்டுநருக்கும் அது இல்லை, இரண்டாமவருக்கும் இல்லை.

கணவன் மனைவிக்கு மட்டும் விலக்கு உண்டா? சில இடங்களில் உண்டு. கலிபோர்னியா மாநிலச் சட்டம், வாடகைக்கு எடுத்தவரின் வாழ்க்கைத் துணையை, உரிமமும் நிறுவனம் கேட்கும் குறைந்தபட்ச வயதும் இருந்தால், அனுமதிக்கப்பட்ட ஓட்டுநராகவே கருதுகிறது. அலுவல் பயணமாக இருந்தால் முதலாளிக்கும் சக ஊழியருக்கும் இதே நிபந்தனைகளோடு இது பொருந்தும். வேறு இடங்களில் சில நிறுவனங்கள் தம் உறுப்பினர் திட்டத்தின் சலுகையாகத் துணைவருக்குக் கட்டணம் விலக்குகின்றன. ஆனால் கட்டணம் இல்லை என்பதும் பெயர் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. இலவசமாக இருந்தாலும் எழுதச் சொல்லிவிடுங்கள்.

கூடுதல் ஓட்டுநர் கட்டணம் செலுத்தினால் கூடுதல் காப்பீடு கிடைக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கட்டணம் அனுமதிக்கு மட்டும்தான். முதல் ஓட்டுநருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறதோ அதுவே இரண்டாமவருக்கும். அதில் ஓட்டை இருந்தால் அதே ஓட்டை இருவருக்கும். மது அருந்திவிட்டு ஓட்டுவது, தடைசெய்யப்பட்ட பாதையில் வண்டியை இறக்குவது போன்ற மீறல்களை இருவரில் யார் செய்தாலும் பாதுகாப்பு போய்விடும்.

பெயரைச் சேர்ப்பது பெரிய வேலை அல்ல. பெரும்பாலான நிறுவனங்கள் கூடுதல் ஓட்டுநர் நேரில் வந்து, தன் அசல் உரிமத்தைக் காட்டிக் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. வயது வரம்பு அவருக்கும் பொருந்தும். 25 வயதுக்குக் குறைந்தவருக்குத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் பல. வெளிநாட்டில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவைப்பட்டால், ஓட்டப்போகும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். அது சொந்த உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றதுதான். உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு அனுமதியை மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. ஜப்பானைப் போன்ற நாடுகள் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்த வடிவத்தில் உள்ள அனுமதியை மட்டுமே ஏற்கின்றன என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் அச்சிட்ட தாளில் இரண்டாவது பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். "சேர்த்துவிட்டோம்" என்ற வாய்வார்த்தை கிளைம் நேரத்தில் உதவாது.

வழியில்தான் தேவை வந்தது என்றால் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். சில நிறுவனங்கள் செயலியிலேயே சேர்க்க விடுகின்றன. சில, அருகிலுள்ள கிளைக்கு இருவரையும் வரச் சொல்லும். நள்ளிரவில் இரண்டுக்கும் வழியில்லை என்றால், வண்டியை ஓரமான இடத்தில் நிறுத்தி இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போகலாம்.

அப்படியும் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்துவிட்டால், காவல்துறைக்கும் நிறுவனத்துக்கும் உண்மையில் ஓட்டியவரின் பெயரையே சொல்லுங்கள். "நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்" என்று இருக்கை மாறி உட்காருபவர்கள் இருக்கிறார்கள். அதுவரை அது ஒப்பந்த மீறல், பணத்தோடு முடியும் விவகாரம். பொய் வாக்குமூலம் கொடுத்த பிறகு அது மோசடி வழக்கு. எதிரே வந்த வண்டியின் டேஷ்போர்டு கேமராவில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தது யார் என்பதும் பதிவாகியிருக்கலாம்.